நாற்பதில் ஒட்டிய மூடி

விக்ரமின் அரிவாள் அனீஸின் காதைக் கீறி நின்றது. ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

"டிக் வெல்டிங்குனா பொறி பறக்காது, சத்தம் கேக்காதுல்ல? ஒட்டு வையிடா."

வெள்ளிக்கிழமை மதியம். ஒத்தக்கடைப் பட்டறை ஆட்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள். பால் டேங்கர் லாரியின் முதுகில் வெல்டர் அனீஸும் விக்ரமும் மட்டும். டேங்கருக்குள், விலா முறிய மிதிபட்ட டிரைவர் பேச்சிமுத்து. விக்ரம் செய்த கொலையைக் கண்ணால் பார்த்தவன். திங்கட்கிழமை கோர்ட்டில் சொல்லப்போகிறவன். மூடியை ஒட்டி, லாரியோடு கல்குவாரித் தண்ணீரில் தள்ளிவிடுவது விக்ரமின் திட்டம்.

தாழ்ப்பாள் உடைந்த அந்த மூடியைச் சரிசெய்யத்தான் லாரியே வந்திருந்தது. எப்போது வந்தாலும் பேச்சிமுத்து உள்ளே இறங்கித் தேய்ப்பான். மூடி வேலை முடிந்ததும் அனீஸ் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுவான். உள்ளிருந்து தோளால் ஒரு முட்டு வரும். மூடி அசையாமல் நின்றால் வேலை சுத்தம்.

அனீஸ் மெஷினின் திருகைத் திருப்பினான். நாற்பது.

"எதுக்குடா நாப்பது?"

"ஒரு மில்லி தகட்டுக்கு நாப்பது ஆம்பியர்ணே. கூட வச்சா ஓட்டை விழுந்துரும்."

கணக்கு சரிதான். தகடுதான் ஒரு மில்லி இல்லை, மூன்று. குறைந்தது நூற்றுப்பத்து வேண்டும். நாற்பதில் தகடு இளகாது. கம்பி மட்டும் உருகி மேலே உட்காரும். பார்வைக்குப் பிடித்தது போலவே இருக்கும்.

அரிவாள் பிடியால் வாயில் ஒரு குத்து. அனீஸின் பல் ஒன்று தகட்டில் தெறித்தது.

"ஏமாத்துன, நீயும் உள்ளதான்."

ஆர்கான் வாயு சீற, டார்ச் முனையில் நீலச் சுடர் எரிந்தது. சுற்றிலும் ஆறு இடத்தில் ஒட்டு வைத்தான். வெறுங்கண்ணால் முறைத்துக்கொண்டிருந்த விக்ரம் கண்ணைக் கசக்கினான்.

"தட்டிக் காட்டுடா. பிடிச்சிருக்கான்னு பாப்போம்."

டங். டங்.

உள்ளே அசைவில்லை. அனீஸ் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

"போய்ச் சேந்துட்டானா?" விக்ரம் குனிந்து மூடியில் காதை வைத்தான்.

கீழிருந்து ஒரு முட்டு. ஆறு ஒட்டும் படபடவென்று தெறிக்க, எவர்சில்வர் மூடி அவன் தாடையைப் பிளந்தது. தடுமாறியவனின் முழங்காலில் அனீஸ் சுத்தியலை இறக்கினான். எலும்பு நொறுங்கியது. பத்தடி கீழே சிமெண்டுத் தரையில் விழுந்த விக்ரம் அப்புறம் எழவில்லை.

பேச்சிமுத்து தலையை நீட்டி ரத்தம் துப்பினான்.

"மாப்ள, இம்புட்டுக் கேவலமா நீ ஒட்டி நான் பாத்ததில்ல."

"போலீசுக்கு நீ பேசு. எனக்குப் பல்லு போச்சு."