கொலாஜன் டப்பாவும் அம்மாவின் கையும்

உடம்பைத் தேற்றப்போகிறேன் என்று மகன் ஒரு ஜோடி டம்பெல்லும் தோலுக்கும் தசைக்கும் நல்லதென்று விற்கிற கொலாஜன் பவுடர் ஒரு டப்பாவும் வாங்கி வந்தான். பவுடரைத் தவறாமல் கலக்கிக் குடித்தான். டம்பெல்லைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

அவன் வேலைக்குக் கிளம்பியதும், தையல்காரியான அவன் அம்மா கதவைத் தாழிட்டுக்கொண்டு டம்பெல்லைத் தூக்கிப் பழகுவாள். வியர்வை அடங்கியதும் ஒரு கரண்டி பவுடரைக் குடித்துவிட்டு, பூனைபோல் வந்து மிஷினில் உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் மகன் கண்ணாடி முன் நின்று சலித்துக்கொண்டான். "இது டூப்ளிகேட்மா. தோலும் மினுங்கல, தசையும் ஏறல. கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள். "நல்ல சரக்குடா அது, குடுத்துடாத" என்று வாய்தவறி உளறிவிட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

இனி மழுப்பிப் பயனில்லை என்று அவள் சட்டைக் கையை ஏற்றிவிட்டு முழங்கையை மடக்கினாள். திரண்டெழுந்த தசையை அவன் குத்திப் பார்த்தான். விரல்தான் வலித்தது.

"எல்லாம் பவுடராலயா?"

"அதை யாரு கண்டா? நான் குடிக்கிறதோட நிறுத்தல, தூக்கவும் செஞ்சேன்."

அவன் அசடு வழியக் குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டான். அந்த நேரம் பார்த்து அம்மா டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.