நான்காவது பாட்டின் வேகம்

எங்கள் ஊரில் ஐவரின் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஒலிநாடாவில் முதலில் வருவது முதல் பாட்டு, நாலாவதாக வருவது நான்காவது. அந்தக் குழுவுக்கே ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. யார் வாயிலும் அது ஒழுங்காக நுழையாததால் ஐந்து பேர் என்ற கணக்கில் ஐவர் என்றே நின்றுவிட்டது. உருக்காலைத் தொழிலாளிகள், டிராம் ஓட்டுபவர்கள், ரொட்டிக் கடைப் பெண்கள் என்று ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஐவர் இருந்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் பதிவு செய்துகொண்டதுதான். எல்லா நாடாக்களுக்கும் தாய் நாடா அர்தூர் பெக்கரிடம் இருந்தது.

அர்தூர் உருக்காலையில் லேத் பிடிப்பவன். என் அண்ணன் நுர்தாஸின் கூட்டாளி. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு லாரி ஓட்டுநர், ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று சொல்லி, ஐவரின் இசைத்தட்டு ஒன்றை அவனிடம் கொடுத்தார். விடிவதற்குள் அர்தூர் அதை நாடாவில் ஏற்றிவிட்டான். அதன் பிறகு அந்தத் தட்டை யாரும் பார்க்கவில்லை.

என் அண்ணனுக்குத் திக்கும். கடையில் பால் வேண்டுமென்றால் விரலால் காட்டி வாங்குவான். நானோ திக்காமலே பேசாதவள். பள்ளியில் கரும்பலகை முன்னால் கூப்பிட்டால் உள்ளங்கை வியர்த்துச் சுண்ணக்கட்டி நழுவிவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். "அந்த வீட்ல ரேடியோ இல்லேன்னா செத்த வீடு மாதிரி இருக்கும்" என்று மேல்மாடிக்காரி சொல்வாள்.

அண்ணனுக்குப் பதினாறு வயதிருக்கும்போது அர்தூர் அந்த நாடாவைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையில் போட்டான். நான்காவது பாட்டு மெதுவாக நடந்து வரும். குரல் ஆழமாக இருக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்க இடம் இருக்கும். இரண்டாம் தடவை போட்டபோது அண்ணன் கூடவே பாடினான். ஒரு இடத்திலும் திக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே நின்றாள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கும் எங்களுக்கு அர்த்தம் தெரியாது. அது எங்களுக்குத் தேவையாகவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அர்தூர் டிரம்ஸ், கொரியக் குடும்பத்துப் பையன் ரோமா பேஸ் கிட்டார், அண்ணன் கிட்டாரும் பாட்டும். நாடா வந்து ஆறாவது வருடப் புத்தாண்டு நடனத்துக்குத்தான், ஊர் விழாக்கள் நடக்கும் கலாச்சார மாளிகையில் வாசிக்க முதல்முறையாக அனுமதி கிடைத்தது. நான்காவது பாட்டை அண்ணன் பாடுவதாக இருந்தது. ஊர் முன்னால் அவன் வாய் திறக்கப் போகும் முதல் நாள் அது. அம்மா அவன் சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டாள்.

நடனத்துக்கு இரண்டு நாள் முன்பு, லெனின்கிராடில் படிக்கும் வெனேரா விடுமுறைக்கு வந்தாள். அவள் வீடு எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது வாசல். அவளைப் பார்த்தால் அண்ணன் இன்னும் அதிகமாகத் திக்குவான், அதனால் அவளைப் பார்த்தால் பேசவே மாட்டான். அவள் கையில் ஐவரின் அதே இசைத்தட்டு இருந்தது. இந்தியாவில் அச்சடித்தது, அட்டை மெலிசு, அதனால் மலிவு.

அன்று சாயங்காலமே எல்லோரும் அவள் வீட்டில் கூடினோம். ஐவரைக் கேட்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. காலணியை வாசலில் விட வேண்டும். திரையை இழுத்து மூட வேண்டும். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும். பக்கம் முடிந்த பிறகுதான் தேநீர்.

முதல் பாட்டு தொடங்கியதுமே அர்தூர் தலையைத் தூக்கினான். யாரோ துரத்துவதுபோல் ஓடியது பாட்டு. நான்காவது வந்தபோது, மெல்லிய உயர்ந்த குரல் ஒன்று படபடவென்று சொற்களைக் கொட்டிக்கொண்டு போனது. ரோமாவால் பொறுக்க முடியவில்லை.

"யாருடா இது, அந்தப் பாடகனோட தங்கச்சியா பாடுது?"

"வாயை மூடு" என்றான் அர்தூர்.

பக்கம் முடிந்தது. யாரும் தேநீரைத் தொடவில்லை. அர்தூர் தொண்டையைச் செருமினான்.

"வெனேரா, கோச்சுக்காதே. உங்க பாட்டுப் பெட்டி வேகமா ஓடுது."

"போன மாசம்தான் அப்பா வாங்கினாரு."

"புதுசுன்னா ஒழுங்கா ஓடணும்னு சட்டமா?"

"தட்டு வெயில் ஊர்ல செஞ்சதுடா" என்றான் ரோமா. "நம்ம குளிரைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடப் பாக்குது."

தட்டை வெனேரா கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள். சாம்பல் படிந்த பனியில் நடந்து அர்தூர் வீட்டுக்குப் போனோம். அவனுடைய பழைய பெட்டியில் தட்டைப் போட்டான். அதே ஆழமான குரல், நடந்து வரும் நான்காவது பாட்டு. ரோமா விதியை மீறிக் கைதட்டினான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். வெனேரா ஒன்றும் புரியாமல் பெட்டியையே பார்த்தாள்.

அர்தூர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஜெயிச்சவன் மூஞ்சியாடா இது?" என்றான் ரோமா.

அர்தூர் செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, எச்சில் தொட்டுத் தட்டின் நடுவில் ஒட்டினான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, அந்தத் துண்டு சுற்றிச் சுற்றி வருவதை உதடு அசைய எண்ணினான். மறுபடியும் எண்ணினான். அவன் காது சிவந்து போனது.

"நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்தணும். இருபத்தொம்பதுதான் சுத்துது."

பெட்டியின் மூடியை விரலால் தட்டினான்.

"மோட்டார் முனையில ஒரு பித்தளை உருளை இருக்கு. பழசு உடைஞ்சு போச்சு. நான்தான் லேத்ல கடைஞ்சு போட்டேன். கண் அளவுல. கொஞ்சம் மெலிஞ்சிருச்சு போல."

"அப்போ உன் டேப்..."

"மெதுவா."

"அதுலேருந்து பதிஞ்ச டேப்..."

"ஊர் பூரா மெதுவாடா ரோமா. போதுமா?"

பக்கத்து அறையிலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்தார். "அப்போ என் வால்ட்ஸ் நடனத் தட்டும் மெதுவாத்தான் ஓடிச்சா? இந்த வயசுலயும் தாளம் தப்பாம ஆடுறேன்னு உங்க அம்மாகிட்ட பெருமையடிச்சுக்கிட்டிருந்தேனேடா."

ரோமா சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். வெனேராவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளன்னிக்குச் சரியான வேகத்துல வாசிக்கணும்" என்றான் அர்தூர்.

"எதுக்கு? யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் ரோமா.

"எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சே தப்பா வாசிச்சா ஐவர் மூஞ்சியில எப்படிடா முழிக்கிறது?"

"ஐவர் நம்ம ஊருக்கு வரப் போறாங்களாக்கும்."

"வந்தா?"

அர்தூர் வீம்பு பிடித்தவன் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உயிருக்குயிராய் நேசித்த ஒன்றை ஆறு வருடமாய்த் தன் கையாலேயே கெடுத்திருக்கிறோம் என்று அவனுக்கு ஆகிவிட்டது. அன்றிரவே ஆலைக்குப் போய்ப் புதிய உருளை கடைந்து, காலையில் பெட்டியில் மாட்டிவிட்டான்.

மறுநாள் ஒத்திகை. நான் கலாச்சார மாளிகையில் கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை செய்கிறேன். ஆட்கள் கோட்டைக் கொடுப்பார்கள், நான் எண் போட்ட வில்லையைக் கொடுப்பேன். பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஒத்திகை நடந்த அறைக் கதவு திறந்திருந்தது. அர்தூர் புதிய வேகத்தில் அடித்தான். அண்ணன் முதல் வரியைப் பாடிவிட்டான். இரண்டாவது வரியின் முதல் எழுத்திலேயே அவன் தாடை பூட்டிக்கொண்டது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி அதே இடம். அப்புறம் ரோமா வேண்டுமென்றே கிட்டார் கம்பியைத் தளர்த்திவிட்டு, "ஐயோ, சுருதி போச்சு" என்று நேரம் கடத்தினான். அண்ணனுக்கு அது புரிந்தது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என் கையிலிருந்து கோட்டை வாங்கிக்கொண்டான்.

வீட்டில் அம்மா பவுர்சாக் என்ற மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. சூடாக இரண்டை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

"நா... நான் பாடல, மர்ஜான்" என்றான் அண்ணன் என்னிடம். "கி... கிட்டார் மட்டும் வாசிக்கிறேன்."

"வெனேரா வருவா, கோக்கே" என்றேன். அண்ணனை நான் கோக்கே என்றுதான் கூப்பிடுவேன்.

"அ... அதான்" என்றான்.

அவன் மறுபடி பாடவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. சமையலறையில்கூட மாட்டான். அவனிடம் இருந்த ஒரே பேச்சு அது. அதுவும் தப்பான பேச்சு என்று ஆகிவிட்டால், அப்புறம் கடையில் விரல் காட்டும் வாழ்க்கைதான்.

புத்தாண்டு நடனத்தன்று மாளிகை வாசலிலேயே வரிசை நின்றது. கோட்டு மேல் கோட்டாக வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன். காலணியிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே எல்லோரும் எதையோ முணுமுணுத்தார்கள். ஐவர் பாட்டு மேடையேறும் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. டிராம் ஓட்டும் ஸீனா அக்கா வில்லையை வாங்கிக்கொண்டு நான்காவதை மூக்கால் பாடியபடி நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் அடுத்த வரியை எடுத்தார். அந்த மெதுவான, மூச்சு வாங்கும் நடையில்தான் எல்லோரும் பாடினார்கள். வேறு நடை அவர்களுக்குத் தெரியாது.

அர்தூர் கடைசியாக வந்தான். ஒரு கையை மட்டும் கோட்டிலிருந்து உருவியிருந்தான்.

"அர்தூர் கோக்கே" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அட, நீ பேசுவியா?"

"அண்ணன் பாடல."

"தெரியும்."

"மெதுவா அடிச்சா பாடுவான்."

அவன் பெருமூச்சு விட்டான். "அது தப்பு, மர்ஜான். என் கையால நடந்த தப்பு. அதை மேடையில ஏத்தி ஊருக்குக் காட்டச் சொல்றியா?"

எனக்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை. உள்ளங்கை வியர்த்து வில்லை வழுக்கியது.

"ஆமா" என்றேன்.

நிலைக்கண்ணாடி முன்னால் முடியைச் சீவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நான்காவதைப் பாதியில் விட்டு, சிரித்து, விட்ட இடத்திலிருந்தே மறுபடி எடுத்தார்கள். அர்தூர் கோட்டை மேசையில் போட்டான். வில்லையை வாங்காமலே உள்ளே போய்விட்டான்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த நடனப் பாட்டுகள். அவற்றை இவர்கள் பாடாமல் வெறுமனே வாசித்தார்கள். பிறகு மாளிகையின் தலைவி கிளாவ்தியா பெத்ரோவ்னா மேடையேறி, "அடுத்து ஆங்கிலேயத் தொழிலாளர்களின் பாடல்" என்று அறிவித்தார். மேலைநாட்டுக் கேளிக்கைப் பாட்டு என்றால் விடமாட்டார்கள், அதனால் அப்படித்தான் அனுமதி வாங்கியிருந்தார்கள். கூட்டம் கத்திவிட்டு, உடனே அமைதியானது. நான் கோட்டு அறையைத் திறந்துபோட்டுவிட்டு அரங்கக் கதவருகே போய் நின்றேன்.

அண்ணன் ஒலிவாங்கியை விட்டு இரண்டடி பின்னால் நின்றான். கிட்டாரைப் பார்த்தபடி தலை குனிந்திருந்தான். அர்தூர் குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கினான். ஒரு தட்டு தட்டினான்.

அடுத்த தட்டு உடனே வரவில்லை. அந்த இடைவெளியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது தட்டு நிதானமாக வந்தது. மூன்றாவதும் அப்படியே. அண்ணன் சட்டென்று திரும்பி அர்தூரைப் பார்த்தான். அர்தூர் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே ஏதோ பழுது இருப்பதுபோல.

அண்ணன் ஒலிவாங்கிக்கு வந்தான்.

அவன் பாடியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் சமையலறையில் கேட்டதுதான், ஆனால் இப்போது அதற்குக் கூரை உயரமாக இருந்தது. இரண்டாவது வரியில் நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். அதற்குள் அரங்கமே அந்த வரியை எடுத்துவிட்டது. அர்த்தம் தெரியாத சொற்களை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு, ஒரே வேகத்தில் நடந்தார்கள். தூணருகே நின்ற வெனேராவும் பாடத் தொடங்கினாள். அவள் வாய் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடியது. சுற்றிப் பார்த்தாள், நிறுத்தினாள், காத்திருந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள்.

முடிந்ததும் என் அறை முன்னால் பெரிய வரிசை. அண்ணன் உள்ளே வந்து கோட்டுகளை எடுத்துக்கொடுக்க எனக்கு உதவினான். வெனேரா வில்லையை நீட்டினாள்.

"நுர்தாஸ், இன்னிக்குப் பாடினியே, அந்த டேப் எனக்கு வேணும். லெனின்கிராட்ல இது யார்கிட்டயும் இல்ல."

அண்ணன் வாயைத் திறந்தான். முதல் எழுத்தே பூட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவன் கையை உதறிவிட்டுப் போய்விடுவான். அவன் போகவில்லை. வெனேரா கையுறையைக்கூடப் போடாமல் நின்றாள். நான் அவள் கோட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

"பாடியாச்சும் சொல்லித் தொலைடா, எனக்குக் குளிருது" என்று வரிசையிலிருந்து ரோமா கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். பாடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, தன் பாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டு சொன்னான்.

"நா... நாளைக்கு வீட்டுக்கு வா. ப... பதிஞ்சு தரேன்."

"எத்தனை மணிக்கு?" என்றாள் வெனேரா.

அதற்குப் பதில் சொல்ல அவனுக்கு இன்னொரு வாக்கியம் வேண்டும். வரிசை காத்திருந்தது.