செவிட்டுச் செல்கள்

மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் செல்லைக் கூப்பிட்டால், உள்ளே ஒரு தூது மூலக்கூறு கிளம்பி ஸ்டீராய்டு சுரக்க வைக்கும். ஆய்வு மாணவியான அவள் வளர்த்த செல்களோ, ஹார்மோனை ஊற்றியும் அசைந்தே கொடுக்கவில்லை.

"உன் செல்லுங்க செவிடும்மா. தூக்கிப் போடு," என்றார் ஆய்வகத் தலைவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. பிள்ளை மாதிரி வளர்த்தவை. வீம்புக்கு, செல்லுக்குள் புகக்கூடிய தூது மூலக்கூறையே நேராகக் கொடுத்துப் பார்த்தாள். ஸ்டீராய்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆக, உள்ளே எல்லாம் சரி. ஒன்று, ஹார்மோனைக் கேட்கும் ஏற்பி என்ற காது கெட்டிருக்க வேண்டும். இல்லை, குரலே வந்து சேரவில்லை.

ஹார்மோனைக் கரைத்த கண்ணாடிக் குழாயை முறைத்தாள். பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது, கண்ணாடிதான் சுத்தம் என்பது தலைவரின் கண்டிப்பு. இந்த ஹார்மோன் கண்ணாடியில் அட்டை போல ஒட்டிக்கொள்ளும் என்று எப்போதோ படித்தது அப்போதுதான் உறைத்தது.

பிளாஸ்டிக் குழாயில், ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் புரதம் சேர்த்துக் கரைத்து ஊற்றினாள். தட்டையாகப் படுத்துக் கிடந்த செல்கள், குரல் கேட்டதற்கு அடையாளமாக, ஒவ்வொன்றாக உருண்டு திரண்டன. ஸ்டீராய்டு எகிறியது.

தலைவரைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"காது நல்லாவே கேக்குது சார். கூப்பிட வந்தவரத்தான் நாம கண்ணாடியில ஒட்டி வச்சிருந்தோம்."

அவர் நிமிராமலே சொன்னார்: "அந்தக் குழாயெல்லாம் தூக்கிப் போடும்மா."