வேட்பாளர் இடத்தில் விழுந்த கையெழுத்து

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வந்து என்னைக் கேட்கக் கூடாது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு நூலகர் சொன்னது. ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலை. மாணவர் பேரவைத் தேர்தலை நடத்துகிற பொறுப்பும் வருடா வருடம் அவர் தலையில்தான் விழுமாம். "இந்த வருஷம் ஒரு கூத்து நடந்துச்சும்மா" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் சொன்னார். "மூணாவது நாள், மணி நாலே கால். ரெண்டு பொண்ணுங்களும் என் மேசைக்கு முன்னாடி வந்து நிக்கறாங்க..." என்றபோது அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

நானும் முக்கால் கதையுமாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஆகையால் கண்ணுகளா, நடந்தது அவர் சொன்னது; அந்தப் பெண்கள் மனதுக்குள் நினைத்தது நான் சேர்த்தது. எது எது என்று கேட்காதீர்கள். எழுதி எழுதி எனக்கே குழம்பிப் போய்க் கிடக்கிறது.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

[மாணவர் பேரவை என்பது மக்களாட்சியின் முதல் படிக்கட்டாகும். அப்படிக்கட்டில் கால் வைக்கும் இளைஞர்கள்...] எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. உங்களுக்கு வராதா?

[அவள் நடந்து வந்தாள். வளாகமே திரும்பிப் பார்த்தது.] சுத்தப் பொய். அவள் நடந்து வந்தால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

மூன்றாவதுதான் நின்றது: விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடமாக இரண்டு பேர். ஒருத்திக்குப் பட்டப்பெயர் சட்டம். இன்னொருத்திக்கு மியூட்.

சட்டம் என்று ஏன் பெயர் வந்தது? கழிப்பறைக் கதவு உடைந்தால்கூட எந்த விதியின்படி யார் சரிசெய்ய வேண்டும் என்று சொல்வாள். இரண்டு முறை பேரவைத் தலைவர் பதவிக்கு நின்று இரண்டு முறையும் தோற்றவள். போன வருடம் நான்கே ஓட்டில். இது அவளுக்குக் கடைசி வருடம். இந்த வருடம்தான் மாலை வகுப்புகளை மூடுவதா வேண்டாமா என்று ஒரு குழு முடிவெடுக்கப் போகிறது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவர்கள் எழுபது பேர். அவர்களில் சட்டமும் ஒருத்தி. பகலில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறாள். அந்தக் குழுவில் மாணவர் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அது பேரவைத் தலைவருக்கு. அதற்காக இரண்டு வருடமாகக் காகிதம் சேர்த்து வைத்திருந்தாள்.

மியூட்? அவள் பேசுவது குறைவு. வேறென்ன சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். (கதாநாயகியைப் பற்றி எழுத ஒரு வரிகூட இல்லையென்றால் கதை எப்படி நகரும் என்று ஒருநாள் முழுக்கப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.)

3

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். நூலகரின் மேசை. மணி ஐந்தாகப் போகிறது. படிவத்தில் இரண்டே கையெழுத்து: வேட்பாளர் ஒன்று, முன்மொழிபவர் ஒன்று.* பின்பக்கத்தில் பொடி எழுத்தில் முப்பத்தொரு விதிகள். மனப்பாடமாகத் தெரிந்த விதிகளைத்தான் சட்டம் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தாள், ஏதாவது புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா என்று. தலையைத் தூக்காமலே தாளைத் திருப்பி நீட்டி ஒரு கோட்டில் விரலை வைத்தாள். "இங்க போடு." மியூட் போட்டாள். மிச்சமிருந்த கோட்டில் சட்டம் போட்டாள். டொம்மென்று முத்திரை விழுந்தது.

நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மியூட்டைப் பார்த்தார். "வேட்பாளர் நீயாம்மா? பரவாயில்லையே!"

"இல்ல சார். நான் துணைக்கு வந்தேன்."

சட்டம் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். "சார், மாத்திப் போட்டுட்டோம். வேற ஃபாரம் ஒண்ணு குடுங்க."

"மணி அஞ்சாயிடுச்சு. பதினாலாவது விதி என்னம்மா?"

"முத்திரை குத்தின மனுவைத் திருத்தக் கூடாது" என்று அவள் வாயே சொல்லிற்று.

*படிவத்தில் பெயர் எழுத இடமே இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவரவர் கையெழுத்துக்குக் கீழே அவரவர் மாணவர் எண், அவ்வளவுதானாம். முப்பத்தொரு விதி எழுதியவர்களுக்குப் பெயர் எழுத ஒரு கோடு போடத் தோன்றவில்லை.

4

மாடிப்படியில் உட்கார்ந்து சட்டம் அழுதாள். மியூட் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சட்டம் நிமிர்ந்தாள்.

"ஏய்! இருபத்திரண்டு!"

"என்ன இருபத்திரண்டு?"

"விதிடி! ஜெயிச்சவங்க மூணு நாளைக்குள்ள எழுதிக் குடுத்து விலகிட்டா, முன்மொழிஞ்சவங்க பதவிக்கு வரலாம். நீ ஜெயி. எழுதிக் குடு. நான் வந்துடறேன்."

"நான் எங்க ஜெயிக்கறது?"

"தோத்தா என்ன? ரெண்டு தடவை என் பேர்ல தோத்தேன். மூணாவது தடவை உன் பேர்ல தோத்துட்டுப் போறேன். எழுதிக் குடுப்பதானே?"

"சரி."

அந்தச் 'சரி'க்குத் தாள் இல்லை, சாட்சி இல்லை. படிக்கட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், அவ்வளவுதான்.

(ஓட்டுப் போடுகிறவர்களை ஏமாற்றுவதில்லையா இது? ஏமாற்றுவதுதான். சின்ன இடம், இரண்டாம் முறை தேர்தல் வைத்தால் ஈ காக்காய் வராது என்று போட்ட விதி அது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் அழுகிறவளிடம் போய் நீதி சொல்ல என்னால் முடியாது.)

5

சட்டம் பதினெட்டுப் பக்கத்தில் வாக்குறுதி எழுதிக் கொடுத்தாள். மியூட் வகுப்பு வகுப்பாகப் போய்ப் படித்தாள். "சவுண்டு வைம்மா!" என்று பின்வரிசை கத்தியது. எதிர்த்து நின்றவன், கையை மடக்கிக் காட்டியே ஓட்டுக் கேட்கிறவன், அவனுக்கு ஜிம் என்று பட்டப்பெயர். வாசலில் சாய்ந்துகொண்டு, "மியூட், உனக்குச் சின்னம் என்ன, சாத்தின வாயா?" என்றான். வகுப்பே சிரித்தது. மியூட்டும் சிரித்துவிட்டாள், அது சரியான கேலி என்று அவளுக்கே பட்டது.

பிரசாரத்தின் மூன்றாம் நாள் அந்தத் தாள்களை மடித்துப் பையில் வைத்தாள். மாலை வகுப்புக்குள் போய், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நின்றாள். யாரும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவளுக்கு அது பழக்கம்; மற்றவர்களுக்குத்தான் தாங்கவில்லை. கடைசியில், மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் ஒருத்தி வாய் திறந்தாள்.

"காலைலேர்ந்து வார்டுல நின்னுட்டு வரேன். இங்க வந்தா ஆய்வகத்துல மூணு மணி நேரம் நிக்கணும். உக்கார ஒரு ஸ்டூல் இருந்தா உனக்குப் புண்ணியமாப் போகும், தங்கச்சி."

மியூட் ஆய்வக உதவியாளரிடம் போனாள். நாற்பது ஸ்டூல்கள் கிடங்கில் கட்டிக் கிடந்தன, இரண்டு வருடமாக.

"ஏன் வெளிய எடுக்கல?"

"எழுதிக் கேக்கலையே யாரும்."

மூன்று வரியில் எழுதிக் கேட்டாள். மறுநாள் மாலை செவிலி உட்கார்ந்து பரிசோதனை செய்தாள்.

அன்று அறையில் சட்டம் குதித்தாள். "ஸ்டூல் என் பேப்பர்ல இருக்குடி! ஒன்பதாம் பக்கம்! கிடங்குல இருக்குன்னுகூட எழுதியிருக்கேன்!"

"படிச்சேன். அதனாலதான் அங்க போனேன்."

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம் பிடித்தது. ஸ்டூல் யாருடையது? கிடங்கில் இருப்பதைக் கண்டுபிடித்தவளுடையதா, கதவைத் தட்டியவளுடையதா? [நியாயப்படி பார்த்தால் அது] வேண்டாம். நியாயப்படி பார்த்துப் பார்த்து இரண்டு பக்கம் கிழித்தாயிற்று.

6

விழுந்த ஓட்டு இருநூற்று நாற்பத்தொன்று. ஜிம்முக்குத் தொண்ணூற்றாறு, செல்லாதவை பன்னிரண்டு. மியூட்டுக்கு நூற்று முப்பத்துமூன்று.

சட்டம்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். பொய்யாகக் கட்டிப்பிடிக்கவில்லை, இதை நூலகர் இரண்டு முறை சொன்னார்.

ஜெயித்த முதல் நாள் வழியெல்லாம் மியூட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். செவிலி கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உனக்குத்தான் போட்டேன். இதுவரைக்கும் எந்த எலெக்ஷன்லயும் போட்டதில்ல" என்றாள். மியூட் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வீட்டில் மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்தவள். யாரும் அவளைத் தேடி வந்து எதுவும் சொன்னதில்லை.

இரண்டாம் நாள் அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா தையல்காரி. பேசும்போதும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

"நீயா? எலெக்ஷன்லயா? சாப்பிட்டியான்னு கேட்டாலே தலையத்தானடி ஆட்டுவ!"

"நாளைக்கு எழுதிக் குடுத்துடணும்மா. அவளுக்குன்னு சொல்லிட்டேன்."

மிஷின் நின்றது.

"குடுக்க மனசில்லையா?"

"தெரியலம்மா."

"ஒருத்திக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டைய இன்னொருத்தி போட்டுப் பாக்கறா. அது அவளுக்கே கச்சிதமா இருக்கு. அப்ப நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?"

"என்ன பண்ணுவ?"

"எனக்கும் தெரியலடி. இருபத்தஞ்சு வருஷத்துல அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல." மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

7

மூன்றாம் நாள். விலகல் கடிதம் ஐந்து மணிக்குள் நூலகர் மேசைக்குப் போக வேண்டும். சட்டம் அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"பேனா இல்லையா?"

"இருக்கு."

சட்டம் கட்டிலில் உட்கார்ந்தாள். மியூட் கேட்டாள்: "அந்தக் குழுவுல நான் உக்காந்தா என்ன ஆகும்?"

"அவங்க கட்டுக் கட்டாப் பேப்பர் நீட்டுவாங்க. உனக்குப் புரியாது. தலைய ஆட்டுவ. மாலை வகுப்பு போயிடும்."

"நீ உக்காந்தா?"

"ஒவ்வொரு வரியையும் பிரிச்சு மேஞ்சுடுவேன்."

"நீ பேசினா யாராவது கேப்பாங்களா?"

இந்த வரியை நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் அவள் திரும்பச் சொன்னாள். வாயே திறக்காத பெண்ணை எழுதினால் இதுதான் வம்பு. திறந்தால் எழுதுகிறவள் சொல் கேட்க மாட்டாள்.

சட்டம் எழுந்து செருப்பை மாட்டினாள். "வா, மணியாச்சு."

"எங்க?"

"நூலகத்துக்கு. எழுதறியோ இல்லையோ, அதை அவர் முன்னாடி சொல்லு. இங்க சொன்னா நான் உன்னை அடிச்சாலும் அடிச்சிடுவேன்."

8

மணி நாலே கால். இரண்டு பேரும் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள். இனிமேல் நூலகர் இல்லை, நானும் நீங்களும்தான்.

முதல் முடிவு: மியூட் எழுதிக் கொடுக்கிறாள். சொன்ன சொல் காப்பாற்றப்படுகிறது. சட்டம் குழுவில் பிரிச்சு மேய்கிறாள். நல்ல முடிவு. ஆனால் மறுநாள் செவிலி மியூட்டைப் பார்த்து என்ன கேட்பாள் என்று எழுதப் போனேன், பேனா நகரவில்லை.

இரண்டாம் முடிவு: மியூட் எழுத மறுக்கிறாள். நூற்று முப்பத்துமூன்று பேர் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இதுவும் நல்ல முடிவு. ஆனால் அன்று ராத்திரியும் இரண்டு பேரும் அதே அறையில்தானே படுக்க வேண்டும்?

மூன்றாம் முடிவு: ஒருத்தி எழுத, ஒருத்தி பேச, இருவரும் சேர்ந்து வெல்கிறார்கள். உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். எனக்கும் பிடித்தது. பிறகு யோசித்தேன்: சட்டம் ஆயுசு முழுக்க அடுத்தவர் படிக்கப் பதினெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? [சேர்ந்தே உழைத்தால் எல்லாம் கைகூடும் என்பதற்கு இவர்களே] அடித்துவிட்டேன்.

போன வாரம் அதே பேருந்தில் நூலகரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்து, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்தார். நான் பார்க்காதவள் மாதிரி இறங்கிவிட்டேன். என் வீட்டுக்கு இன்னும் ஐந்து நிறுத்தம் இருந்தது. நடந்தே வந்தேன். அவர் எதைச் சொன்னாலும் அந்த நிமிடமே இரண்டு பெண்களில் ஒருத்தி தோற்றுப் போயிருப்பாள்.

ஆகையால் செல்லங்களா, பதவியை நீங்களே கொடுத்துவிடுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: கொடுத்த கையோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். கிடைக்காதவள் இன்னும் மேசைக்கு முன்னால்தான் நிற்கிறாள். கிடைத்தவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லப் போகிறாள். அந்த ஒரு வரியை எழுத இத்தனை நாள் உட்கார்ந்தும் எனக்கு வரவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"

"