பதினான்காவது படி

அந்த வீட்டு மாடிப்படி அக்கா ஏறினால் பதிமூன்று, தம்பி ஏறினால் பதினான்கு. கூட ஏறியவர்களுக்கும் அப்படித்தான்: அவளோடு போனால் பதிமூன்று, அவனோடு போனால் பதினான்கு. நகராட்சியிலிருந்து வீட்டை அளக்க வந்தவர் இருவரோடும் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, படிவத்தில் 'மாடிப்படி உண்டு' என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

சிறு வயதில் அது விளையாட்டாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வீசிவிட்டு, ஆளுக்கொரு பக்கச் சுவரைத் தடவியபடி சத்தமாக எண்ணிக்கொண்டே ஓடுவார்கள். அவள் மேலே போய் நிற்கும்போது அவனுக்கு இன்னும் ஒரு படி பாக்கியிருக்கும். ஒரு நாளும் அவன் ஜெயித்ததில்லை. "யாருக்கு எத்தனையோ, சாப்பாடு ஆறுது" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுப்பாள். அவள் இருந்தவரை கைத்தடம் படிந்த அந்தச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க விடவில்லை.

அக்கா கணக்கு டீச்சரானாள். தம்பி தையல்காரனானான், அதுவும் அளவு தப்பக்கூடாத தொழில்தான். அம்மா இறந்த வருடம், துக்கத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அக்கா பேச்சுவாக்கில், "இவனுக்குச் சின்ன வயசுலேருந்தே எண்ண வராது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"உனக்கு வந்ததை உண்மைன்னு சொல்லிக்கோ. எனக்கு வந்ததைப் பொய்னு சொல்லாத" என்றான் அவன். மறுநாள் தையல் மெஷினை எடுத்துக்கொண்டு மூன்று தெரு தள்ளி வாடகை வீட்டுக்குப் போனான். பதினோரு வருடம் பேச்சில்லை. அந்த வருடங்களில் அவள் தினமும் எண்ணினாள். ஒருநாளாவது பதினான்கு வரட்டும் என்றுதான் எண்ணினாள். வரவில்லை. வராததை வந்ததாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் மாடியில் வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரி போன் செய்ததும், அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே அவன் ஓடி வந்தான். மாடியேறி அவளை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டு பேரும் வாய்க்குள் எண்ணிக்கொண்டார்கள். பதிமூன்றில் அவளுடைய நல்ல கால் தரையில் பட்டது.

"தரை வந்தாச்சுடா. விடு."

"எனக்கு இன்னும் ஒண்ணு இருக்குக்கா. ஓரம் உடைஞ்சிருக்கு, பாத்துதான் கால் வைக்கணும்."

அவள் ஒற்றைக் காலில் நின்றபடி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அவசரமில்ல. மெதுவா வா" என்றாள்.

மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பிய வாரமே கொத்தனாரை வரச் சொன்னாள். தம்பி பக்கத்தில் நின்று இடத்தைக் காட்டினான். கொத்தனார் வெறுந்தரையில் கரண்டியைத் தேய்ப்பதாகத்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பூச்சு இறுக இரண்டு நாளாகும் என்றார். அந்த இரண்டு நாளும் அவள் அங்கேயே நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "தாண்டிப் போங்க, படி ஈரமா இருக்கு" என்று சொன்னாள்.