ஒரு சாண் மேலே

1993ஆம் ஆண்டு ஆவணி மாதம், விவசாயிகள் சங்கம் ஏழாம் தீர்மானத்தை நிறைவேற்றிய நான்காம் நாள், சுடலைமுத்துவின் தோணி குளத்து நீரைத் தொடுவதை நிறுத்தியது. நீருக்கு ஒரு சாண் மேலே நின்றது. துடுப்பை அசைத்தால் போனது, விட்டால் நின்றது. மற்றபடி அது பழைய தோணிதான்.

குளத்தின் பெயர் மருதமோட்டை. முள்ளியவளையிலிருந்து மேற்கே ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல். தோணி முதலில் ஒரு வெள்ளைக்காரருடையது. முள்ளியவளையில் இருந்த நிவாரண அலுவலகம் ஒன்றில் அவர் இரண்டு வருடம் வேலை பார்த்தார். சுடலைமுத்து அங்கே காவல்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர் அதை ஜீப்பின் கூரையில் கட்டிக் குளத்துக்குக் கொண்டுவருவார். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி இருக்கக்கூடிய ஒடுங்கலான பிளாஸ்டிக் தோணி, வாழைப்பூ மடலின் நிறம். துடுப்பின் இரண்டு முனையும் தட்டை. அவர் அதைக் கயாக் என்றார். ஊர் மடல் என்றது. அதில் இருந்துகொண்டு தூண்டில் போட்டு, ஊரார் யப்பான் மீன் என்ற திலாப்பியா பிடிப்பார். உள்ளங்கையை விட அகலமான மீன்கள். பிடித்ததைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நீரில் விடுவார். இதை முதல்தடவை பார்த்த அன்று சுடலைமுத்துவின் மனைவி இலட்சுமிக்கு வந்த ஆத்திரம் மூன்று நாள் அடங்கவில்லை. வீட்டில் அப்போது உப்பும் மரவள்ளிக்கிழங்கும் மட்டும் இருந்தன. நாடு திரும்பியபோது வெள்ளைக்காரர் மடலைச் சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சுடலைமுத்து பிடித்த மீன் எதையும் திரும்ப விடவில்லை.

இலட்சுமியின் கோபம் பழையது. 1977இல் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயனைக் கலவரத்தில் எரித்தபின் வன்னிக்கு வந்த இருபத்திரண்டு குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. 1980இல் மருதமோட்டைக் குளக்கட்டை உயர்த்தியபோது மண் சுமந்தவர்கள் அந்த இருபத்திரண்டு குடும்பமும்தான். இலட்சுமி நிறைமாதத்தில் சுமந்தாள். மகள் மண் வெட்டிய கிடங்கின் ஓரத்தில் பிறந்தாள். அன்றைய கூலியில் அரை நாளை வெட்டினார்கள். கட்டு உயர்ந்தது, தண்ணீர் நின்றது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் காணி பங்கிடப்பட்டது. மண் சுமந்தவர்களுக்கு வாய்க்கால் எட்டாத மேட்டில் குடிசை போட இடம் காட்டினார்கள். அவர்கள் அங்கே தாங்களே ஒரு கிணறு வெட்டினார்கள். மழைக்கால நெல்போகமான காலபோகத்தில் மற்றவர்களின் வயலில் களை பிடுங்கினார்கள், மாசியில் நெல் முற்றியதும் அருவி வெட்டினார்கள், மிச்ச மாதங்களில் பசியாக இருந்தார்கள். மடல் வந்த பிறகு அந்த மிச்ச மாதங்களில் மீன் இருந்தது. ஒரு வீட்டில் மீன் பொரிக்கும் மணம் இருபத்திரண்டு வீட்டுக்கும் போகும், ஆகையால் மீனும் போனது.

சங்கத் தலைவர் கனகலிங்கத்துக்கு அந்த மணம் பிடிக்கவில்லை. மீன் தின்கிறவர்கள் விடிய வேலைக்கு வரச் சுணங்குகிறார்கள் என்று கூட்டத்தில் சொன்னார். ஏழாம் தீர்மானம் ஒரே வரிதான்: சங்க உறுப்பினர் அல்லாதோரின் தோணி குளத்து நீரைத் தொடலாகாது. சுடலைமுத்து பின்வரிசையில் எழுந்து நின்றார்.

"உறுப்பினராவுறதுக்கு என்னங்கய்யா செய்யணும்?"

"காணி இருக்கோணும்."

"காணி கெடைக்கிறதுக்கு?"

"உறுப்பினரா இருக்கோணும்."

கூட்டம் சிரித்தது. சுடலைமுத்துவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார். "யப்பான் மீனும் எங்கேருந்தோ கொண்டாந்து வுட்டதுதானுங்களே. அது உறுப்பினருங்களா?"

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் காலை மடலைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் வைத்தார். அது ஒரு சாண் மேலே நின்றது. ஏன் என்று எவரும் ஆராயவில்லை. அந்த மனுசனுக்கு வந்த கோபத்துக்கு வீடே கிளம்பியிருக்கவேண்டும், மடல் மட்டும் கிளம்பியது குறைவுதான் என்று இலட்சுமி சொன்னாள்.

ஊர் குளக்கட்டில் கூடியது. போர்க்காலம் என்பதால் வானத்தில் பறப்பவற்றுக்கெல்லாம் பதுங்குகுழிக்குள் ஓடிப் பழகிய ஊர் அது. ஒரு சாண் உயரத்தில் பறப்பதற்கு ஓடவில்லை. கனகலிங்கம் சைக்கிளில் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, தோணியின் அடியில் கையை விட்டுத் தடவினார். அடி காய்ந்திருந்தது. இருபுறமும் இரண்டுதரம் தடவினார். கரையில் நின்ற அவருடைய மனைவி அமராவதிக்கு வெயில் பொறுக்கவில்லை.

"தொடேல்லைத்தானேயப்பா. நீங்கள் எழுதினபடிதானே அவர் நடக்கிறார். வாங்கோ, சோறு ஆறுது."

தூண்டிலும் நீரைத் தொடவில்லை. கொக்கி நீருக்கு மேலே தொங்கியது, மீன்கள் எழும்பி வந்து கவ்வின. ஒரு மாதத்தில் கொக்கியும் தேவைப்படவில்லை. சுடலைமுத்து குளத்தின் நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார், மீன்கள் துள்ளி மடியில் விழும். இருபத்திரண்டு குடும்பத்தவரும் முறை வைத்து மடலில் போனார்கள். இலட்சுமியின் முறை செவ்வாய்க்கிழமை. முதல்நாள் அவள் மடியில் ஒன்பது மீன் விழுந்தன. குளத்தின் நடுவில் இருந்து அவள் குளக்கட்டைப் பார்த்தாள். தான் சுமந்த மண் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியும். அங்கே கனகலிங்கத்தின் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

1995ஆம் ஆண்டு முடிவில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தது. முள்ளியவளையில் மரத்தடிகளும் நிரம்பின. வந்தவர்கள் மீன் கேட்டார்கள். குளிக்கிற சவர்க்காரமும் சேலையும் கொடுத்து வாங்கிப்போனார்கள். தோணி ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருடம் எல்லாமே அந்தரத்தில்தான் நின்றன. மேட்டில் இருந்த பெண்கள் நல்ல சேலை கட்டினார்கள். களை பிடுங்கக் கூப்பிட்டால், இன்ன கூலி தந்தால் வருகிறோம் என்று முதலிலேயே சொன்னார்கள்.

சங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. 1997 தை மாதம் விசேட கூட்டம் கூடியது. செயலாளர் அப்புத்துரை முப்பது வருடம் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாம் தீர்மானத்தில் ஓட்டை விட்டது மற்றவர்களின் எழுத்து, தன்னுடையதல்ல என்பதில் அவருக்குப் பெருமை. எட்டாம் தீர்மானத்தை இரண்டு நாள் இருந்து எழுதினார். எழுந்து நின்று வாசித்தார்: மேட்டில் வசிக்கும் இருபத்திரண்டு குடும்பத்தாரும் மருதமோட்டைக் குளத்து நீரையோ, அந்நீர் பாயும் எதனையுமோ, எவ்வகையிலும், எவ்வுயரத்திலிருந்தும் தொடலாகாது.

"இப்ப பறக்கட்டும் பாப்பம்," என்றார் கனகலிங்கம். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

மீன்களுக்கு எட்டாம் தீர்மானத்தால் ஒன்றும் ஆகவில்லை. எதனையும் என்ற சொல்லால், இவர்கள் மீனைத் தொடக்கூடாது என்றுதான் அப்புத்துரை எழுதியிருந்தார். மீன் இவர்களைத் தொடக்கூடாது என்று எழுதவில்லை. அவை வழமைபோல வந்து மடியில் விழுந்தன.

மாசி பிறந்தது, நெல் விளைந்து சாய்ந்தது. அருவி வெட்டுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். இருபத்திரண்டு குடும்பமும் சொன்ன நேரத்துக்கு அரிவாளோடு வந்தது. வரம்பிலிருந்து கனகலிங்கத்தின் வயலுக்குள் கால் வைத்தார்கள். கால் மண்ணுக்குப் போகவில்லை. ஒரு சாண் மேலே நின்றார்கள். குனிந்து அரிவாளை நீட்டினார்கள். அரிவாளும் தாளுக்கு ஒரு சாண் இந்தப் பக்கமே நின்றது.

"டேய் சுடலை, நடிக்காதை. இறங்கு," என்றார் கனகலிங்கம்.

"இறங்கத்தாங்க பார்க்கிறோம். கால் போகமாட்டேங்குது."

கனகலிங்கம் சுடலைமுத்துவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். பாலைமரத்தின் வேரை இழுத்தது போல இருந்தது. கனகலிங்கத்தின் கால்தான் சேற்றில் புதைந்தது. அப்போதுதான் அப்புத்துரைக்குத் தான் எழுதிய வரி நினைவில் ஓடியது. அந்நீர் பாயும் எதனையும். அந்நீர் வயலுக்குத்தான் பாய்ந்தது. அவர் ஓடிப்போய்த் தீர்மானக் கொப்பியை எடுத்துவந்தார். வரம்பிலேயே குந்தி இருந்து, சிவப்புப் பேனையால் எட்டாம் தீர்மானத்தை வெட்டினார். பிறகு ஏழாம் தீர்மானத்தையும் வெட்டினார்.

"வெட்டியாச்சு. இனி இறங்குங்கோ," என்றார் கனகலிங்கம். இத்தனை வருடத்தில் அவர் அவர்களை மரியாதையாக இறங்குங்கோ என்றது அதுதான் முதல்தடவை. ஒருவரும் இறங்கவில்லை.

"எழுதுனது நீங்க. அழிச்சதும் நீங்க," என்றாள் இலட்சுமி. அவள் கனகலிங்கத்தின் தலைக்கு மேலால் பேசினாள். முன்பு அது முடிந்ததில்லை. "இப்ப நான் சொல்றத எழுதுங்க. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், தண்ணியோட. எழுதுங்க, அப்புறம் காலப் பார்ப்போம்."

"காணி கேக்கிறியளோ?"

"கட்டுக்கு மண்ணு சுமந்தது நாங்க."

"சுமந்ததுக்குக் கூலி தந்தது."

"புள்ள பெத்த அன்னைக்கு அரை நாள வெட்டிட்டுத் தந்தீங்க. அந்த அரை நாள் எங்க? அந்தக் கட்டுலதான கெடக்கு?"

ஒரு குழி நிலமும் தரமுடியாது என்றார் கனகலிங்கம். வயல் கிடந்து அழுகினாலும் தரமுடியாது என்றார். அப்புத்துரை பேனையை மூடினார். இருபத்திரண்டு குடும்பமும் விளைந்த நெல்லுக்கு மேலால் நடந்து வீட்டுக்குப் போனது. ஒரு கதிரும் அசையவில்லை.

பாதி நெல் வயலிலேயே கொட்டியது. மீதியைச் சங்க உறுப்பினர்களே வெட்டினார்கள். இடம்பெயர்ந்தவர்களில் கொஞ்சப்பேர் ஒரு போகம் வந்தார்கள்; முதுகு வளையாது என்று அடுத்த போகம் வரவில்லை. 1998இல் அமராவதி அரிவாள் பிடித்தாள். 1999இல் வயல்களின் கால்வாசியைப் புல் மூடியது. 2000ஆம் ஆண்டு காலபோகக் கூட்டத்தில் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற பேச்சு திரும்பவும் எடுக்கப்பட்டது, இலட்சுமி வரம்பில் இருந்து கேட்டாள், கனகலிங்கம் மறுத்தார். அவருடைய உள்ளங்கை அப்போது காய்த்துப் போயிருந்தது. மேட்டுக் குடும்பத்தவர்கள் தங்கள் கிணற்றடியிலும் தெருவிலும் மண்ணில் நடந்தார்கள், வயல் வெளியில் ஒரு சாண் மேலே நடந்தார்கள். மழைக்காலத்தில் அவர்கள் கால் மட்டும் சேறு படாமல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்காக ஒருவருக்கும் அடி விழவில்லை, பரிசும் கிடைக்கவில்லை.

2001 மாசியில் ஒரு மத்தியானம் இலட்சுமி, மடலில் இருந்த கணவருக்குச் சோறும் செம்பில் கிணற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வயலுக்கு மேலால் போனாள். கீழே கனகலிங்கம் தனியாக அருவி வெட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபத்தாறு. முழங்கால் வரை சேறு. சேர்ட்டைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாருமன்."

இலட்சுமி நின்றாள். போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்கு வேண்டிய கோபம் அவளிடம் இருந்தது. செம்பை நீட்டினாள். அது அவருடைய கைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்தக் குளத்தில் இருபது வருடம் குளித்துக் குடித்தவர் கனகலிங்கம். அவரும் அந்நீர் பாய்ந்தவர். அவர் கையை உயர்த்திச் செம்பைப் பிடித்திருக்கலாம். எந்தத் தீர்மானமும் அவரைத் தடுக்கவில்லை. அவருக்கு அது தோன்றவில்லை.

"ஏந்துங்க," என்றாள் இலட்சுமி.

கனகலிங்கம் அரிவாளைக் கக்கத்தில் இடுக்கினார். குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே ஏந்தினார். அவள் மேலே இருந்து ஊற்றினாள். செம்பு படவில்லை, கை படவில்லை. அவர் மூச்சு விடாமல் குடித்தார், முழங்கை வழியே தண்ணீர் ஒழுகிச் சேற்றில் விழுந்தது. போதும் என்று தலையை அசைக்கும்வரை ஊற்றினாள்.

அடுத்த நாள் பக்கத்து வயல்காரரும் கேட்டார். அதற்கடுத்த நாள் அப்புத்துரை கேட்டார். அந்தப் போகம் முடியும்வரை இலட்சுமி குடத்தோடு போனாள். அவளைக் கண்டதும் அரிவாள்கள் நின்றன, வரிசையாகக் கைகள் சேர்ந்து ஏந்தின. காணியைப் பற்றி அப்போதும் ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அவளும் ஒரு சாண் இறங்கவில்லை.