மூன்றாவது மஞ்சள் அட்டை

அந்த மஞ்சள் அட்டையை சில்வேன் வேண்டுமென்றேதான் வாங்கினான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வால்மெரி அணியின் கேப்டன் அவன். வயது முப்பத்துநான்கு. பதினோரு வருடமாக அதே ஊர், அதே பச்சைச் சட்டை, கோலுக்கு முன்னால் அதே இடம். பக்கத்தில் ஒன்பது வருடமாக ரெமி. களத்தில் இவன் ஏறினால் அவன் இறங்குவான், அவன் ஏறினால் இவன் இறங்குவான், ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது. சில்வேனுக்கு மகள் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக யாரைக் கேட்பது என்று அவன் யோசிக்கவேயில்லை, ரெமிதான்.

அந்த வருடம் இரண்டாம் டிவிஷன் ஆகஸ்டில் தொடங்கியபோது முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கை ஜெயித்தார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. மைதான வாசலில் உருளைக்கிழங்கு வறுவல் விற்கிறவர்கூட முதல் டிவிஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அக்டோபரில் பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கி, வெந்த மண் வாடை பார்வையாளர் வரிசைகளில் ஏறி உட்கார்ந்தது. அதோடு அணியும் சரிந்தது. டிசம்பரிலிருந்து பதினோரு ஆட்டங்கள் வெற்றியே இல்லை. ஜனவரியில், உறைந்து கல்லாகக் கிடந்த தரையில் விழுந்து ரெமியின் முழங்கால் போனது. மே பிறந்தபோது நான்கு ஆட்டங்கள் பாக்கி, இருபது அணிகளில் பதினேழாவது இடம். கடைசி மூன்று அணிகள் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியாக வேண்டும். ஆலையை விட்டால் அந்த ஊருக்கென்று இருந்தது இந்த அணி ஒன்றுதான்.

அப்போது விதி இப்படி இருந்தது. பத்து ஆட்டங்களுக்குள் மூன்று மஞ்சள் அட்டை வாங்கினால் ஓர் ஆட்டம் தடை. ஆனால் அந்தத் தடை அடுத்த ஆட்டத்திலேயே விழாது. பாரிஸில் ஒழுங்குக் குழு புதன்கிழமை கூடி முடிவு செய்யும், அது மறு வாரம்தான் அமலுக்கு வரும். ஆக, இந்த வெள்ளி வாங்கிய அட்டைக்கு அடுத்த வெள்ளி ஆடலாம், அதற்கடுத்த வெள்ளி உட்கார வேண்டும். அதனால் எந்த ஆட்டத்தில் உட்காருவது என்று கணக்குப் போட்டு அட்டை வாங்குகிறவர்கள் எல்லா அணியிலும் உண்டு. கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். வேண்டுமென்று வாங்கியது என்று தெரிந்தால் அதற்குத் தனித் தண்டனை.

சில்வேன் ஏற்கெனவே இரண்டு அட்டை வாங்கியிருந்தான். மே மூன்றாம் தேதி மூன்றாவதையும் வாங்கிவிட்டால் பதினேழாம் தேதி கோர்சிகா தீவில் நடக்கும் ஆட்டத்துக்குப் போக வேண்டாம். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் க்ளெமான்ஸுக்குப் புதுநன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அணியின் விமானம் தீவிலிருந்து திரும்பவே மதியம் ஆகிவிடும். தடையும் கழிந்துவிடும், கடைசி ஆட்டத்துக்குச் சுத்தமாக வந்து நிற்கலாம். அணிக்கும் இது நல்லதுதானே என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொந்தக் காரியத்தில் இறங்குகிறவன் ஊர் நன்மையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருவது எங்கும் உள்ளதுதான்.

மூன்றாம் தேதி சொந்த மைதானத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்தேழாவது நிமிடம் எதிரணிப் பையன் ஒருவன் பந்தோடு ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்தான். சில்வேன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். காயம்பட்ட ரெமி, வீரர்கள் வெளியே வரும் வழியின் வாயில், கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். நடுவர் வந்து அட்டையைக் காட்டினார்.

"நன்றி," என்றான் சில்வேன், வாய் தவறி. நடுவர் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் அவன் முதுகில் தட்டினார். "அவனை விட்டிருந்தா கோல்தான்டா. கேப்டன்னா இப்படி இருக்கணும்."

பத்தாம் தேதி ஆட்டத்தில் தோற்றார்கள். பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை கோர்சிகாவுக்குப் போகிறவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். அதில் முதல் பெயரே அவனுடையது. எழுத்தர் தவறு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குப் போனான். அங்கே ஒடில் அம்மாள் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அணியின் காகிதங்கள் எல்லாம் அவர் கையில்தான்.

"என் பேரு ஏன் மேடம் இதுல இருக்கு? நான் இந்த வாரம் தடையில இருக்கேன்ல?"

"யாருப்பா சொன்னா?"

"போன புதன்கிழமை குழு கூடியிருக்குமே."

ஒடில் கண்ணாடியைக் கழற்றினார். "போன புதன்கிழமை என்ன தேதி?"

சுவரில் தீயணைப்புக்காரர்கள் வீடு வீடாக விற்கும் நாட்காட்டி தொங்கியது. அவன் பார்த்தான். மே எட்டு.

"எட்டாந்தேதி போர் முடிஞ்ச நாளு, லீவு. ஒம்பதாந்தேதி ஆண்டவர் விண்ணேற்பு, லீவு. நடுவுல மாட்டிக்கிட்ட வெள்ளிக்கிழமைக்கு எவன் வந்து ஆபீஸ் கதவைத் தெறப்பான்? மே மாசத்துல இந்த நாட்டுல யாரு வேலை செய்யுறா, நம்ம மாதிரி கிறுக்கனுங்களைத் தவிர? குழு நாளைக்குத்தான் கூடுது."

"அப்போ தடை…"

"இருபத்துநாலாந்தேதி. கடைசி ஆட்டம்." ஒடில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட்டை வாங்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். ஏன் கேக்கலன்னு இப்பத்தான் புரியுது."

"மேடம், தயவுசெஞ்சு யார்கிட்டயும்…"

"நான் சொல்லமாட்டேன் சில்வேன். சொல்ல வேண்டியவ நான் இல்ல."

அவன் கோர்சிகாவுக்குப் போனான். ஒன்றுக்கு ஒன்று சமன். சனிக்கிழமை காலை விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனைவி எஸ்தெல் அனுப்பிய படம் வந்தது. வெள்ளை அங்கியில் க்ளெமான்ஸ் கையில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். பக்கத்தில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் ரெமி, நல்ல காலில் பாரத்தைப் போட்டுக் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தான். சில்வேன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அட்டை வாங்கியது இதற்காக. இதுவும் போனது.

கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும், அணி தப்பிவிடும். சில்வேன் இடத்தில் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனை இறக்கப் பயிற்சியாளர் நினைத்திருந்தார். சில்வேன்தான் குறுக்கே விழுந்து, ரெமியை இறக்குங்கள், நான் பேசுகிறேன் என்றான். தான் விட்ட ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு. அடைக்கப்போவது யார் முழங்காலை வைத்து என்று அவன் யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை.

ரெமி தன் வீட்டுச் சமையலறையில் காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"தொண்ணூறு நிமிஷம்தான்டா. ஊசி போட்டுக்கலாம். அதுக்கப்புறம் மூணு மாசம் படுத்துக்கோ."

"டாக்டர் ஆகஸ்டு வரைக்கும் ஓடாதன்னு சொல்லியிருக்காரு."

"தெரியும்."

"கோச் கேக்கச் சொன்னாரா, இல்ல நீயே கேக்குறியா?"

"நான்தான் கேக்குறேன்."

ரெமி காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். "வேற ஏதாச்சும் சொல்லணுமா எங்கிட்ட?"

"இல்ல."

"சரி. ஆடுறேன்," என்றான் ரெமி.

இருபத்துநான்காம் தேதி மாலை எட்டு மணிக்கும் நல்ல வெயில். தடையில் இருப்பவன் உடை மாற்றும் அறைக்குள் போகக்கூடாது, மாற்று வீரர்களின் பெஞ்சில் உட்காரக்கூடாது. சில்வேன் கோட்டும் டையுமாக மேல் வரிசையில், கல்யாணத்துக்கு வந்து பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல உட்கார்ந்திருந்தான். அவனுடைய கேப்டன் பட்டையை ரெமி கட்டியிருந்தான். பாதிநேரம் வரை வால்மெரி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. அறுபதாவது நிமிடம் ஒன்றுக்கு ஒன்று. எழுபதுக்கு மேல் ரெமி திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் தாமதித்தான். அது சில்வேன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. மாற்றச் சொல்லிக் கத்தினான். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? ஓர் ஆட்டத்துக்கு அனுமதித்த மூன்று ஆள் மாற்றங்களும் எப்போதோ முடிந்திருந்தன.

எண்பத்தொன்றாவது நிமிடம் எதிரணி முன்னணிக்காரன் உள்பக்கம் வெட்டினான். ரெமியும் திரும்பினான். முழங்கால் திரும்பவில்லை. விழுந்தவன் கை பிடி தேடிப்போய் எதிராளியின் காலைப் பற்றியது. பெனால்டி. ஒன்றுக்கு இரண்டு. ரெமியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோகும்போது அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு ஆட்டங்கள் ஆடி, வால்மெரி ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழே இறங்கியது.

அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இனி நடக்கலாம், ஆடமுடியாது என்றார் மருத்துவர். ஊரில் சிலர் ரெமியை ஏசினார்கள். முழங்கால் சரியில்லை என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றார் வறுவல்காரர். கேப்டன் இருந்திருந்தால் தப்பியிருப்போம், பாவம், அணிக்காக அட்டை வாங்கிய மனுஷன் என்றார்கள் மற்றவர்கள். இதைக் கடைத்தெருவில் கேட்ட சில்வேன் ரொட்டி வாங்காமலே வீட்டுக்கு வந்தான். ஒரு வார்த்தையில் அந்தப் பேச்சை அவன் திருப்பியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. அவன் ஒப்பந்தமும் ஜூனில் முடிந்தது. யாரும் நீட்டிக்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஜூனிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை ரெமி வீட்டுக்குப் போனான். சர்க்கரை வைத்த வாஃபிள் பலகாரம் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போவான். சில நாள் க்ளெமான்ஸும் கூட வருவாள். வானிலையைப் பற்றி, எஸ்தெலைப் பற்றி, புது அடுப்பைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவான். ஒவ்வொரு தடவையும் கார் சாவியைத் திருப்பும்போது அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வான்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் போனான். அன்று சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தான். வானொலியில் மூன்றாம் டிவிஷன் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, வால்மெரி தோற்றுக்கொண்டிருந்தது. பெட்டியை மேசையில் வைத்தான்.

"ரெமி, ஒண்ணு சொல்லணும். அந்த அட்டை…"

"நன்றின்னு சொன்னியே," என்றான் ரெமி.

"என்ன?"

"நடுவர்கிட்ட. பதினாறு வருஷம் ஆடியிருக்கேன், அட்டையை வாங்கிட்டு நன்றி சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல. பத்தடி தூரத்துலதான நின்னேன். அப்பவே புதுநன்மைத் தேதியை நெனைச்சேன், எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. எட்டாந்தேதியை நானும் மறந்துட்டேன்."

சில்வேன் நாற்காலியில் உட்கார்ந்தான். "தெரிஞ்சுமா ஆடுனே?"

"நீ கேட்டே. ஆடுனேன். வேற ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டேன், இல்லன்னே. சரி, ஆட்டம் முடியட்டும், அப்புறம் சொல்லுவான்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரிக்கு வந்தே. பூ கொண்டு வந்தே. ஊரே என்னைத் திட்டுது, நீ வாராவாரம் வந்து அடுப்பைப் பத்திப் பேசுறே." ரெமியின் குரல் உயரவே இல்லை. "முட்டி போனதுக்கு நான் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்டா. அது என்னிக்கிருந்தாலும் போயிருக்கும்."

"மன்னிச்சிடு ரெமி. இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன், சத்தியமா."

"தெரியும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது." ரெமி வானொலியை அணைத்தான். பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, பிரிக்காமலே அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். "அடுத்த வாரம் க்ளெமான்ஸை மட்டும் அனுப்பு. எஸ்தெல் கொண்டுவந்து விடட்டும்."

சில்வேன் எழுந்தான். கதவு வரை போய் நின்று, இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தான். ரெமி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். சில்வேன் போய்க் காரில் உட்கார்ந்தான். மகளிடம் என்ன காரணம் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.